ஜாம் போத்தலில் தண்ணீர்: கதையில் வரும் சிறுவனுக்குள் இனத்துவேசம் எப்படி வருகிறது?

கடற்காகம் (திருகோணமலை) | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று அத்தியாயத்தை இன்று பின்னேரம் உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேருக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன்.

கதை 1978இல், திருகோணமலை டவுனில் நடக்கிறது. ரவிக்கு 11 வயது. முந்தின வருடம், 1977இல், தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று செல்வத்தின் குடும்பம். செல்வத்துக்கு 13. அவனுடைய அப்பா ரவி வீட்டுக்கு விறகு கொத்த வருவார், செல்வமும் கூட வருவான். பெடியன்கள் இருவரும் கிணற்றடியில் போளை அடிப்பார்கள்.

அந்த வீட்டில் செல்வமும் அப்பாவும் தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. லேபிள் பாதி உரிந்தது. குசினி யன்னலுக்கு வெளிப்பக்கம் கவிழ்த்து வைத்திருக்கும். வாயில் மூடி திருகும் வரி இருப்பதால், குடிக்கும்போது கடைவாயால் தண்ணீர் வழிந்து சட்டையில் ஊற்றும். ரவி அதைப் பார்த்துச் சிரிப்பான். ஏன் இவர்களுக்கு மட்டும் போத்தல் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ரவியின் மாமா ஒருவர் வருகிறார், மலையக ஆட்களைக் கண்டபடி ஏசுகிறவர். ரவி அவரிடமிருந்து கெட்டுப்போகிறான். கடைசி அத்தியாயத்தில் திருந்தி, போத்தலைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டு எவர்சில்வர் பேணியில் செல்வத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறான். இதுதான் திட்டம்.

வாசித்து முடிந்ததும் மூன்று விதமாகச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாது, நீ பெரியவன் மூளையைப் பெடியன் தலைக்குள் வைக்கிறாய் என்றார் ஒருவர். இதை எழுதவே கூடாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் முடிவு பொய் என்று சொல்லிவிட்டு மூன்றாவது வடையை எடுத்தார். எனக்கு அந்த மூன்றாவது ஆள்தான் நித்திரையைக் கெடுத்துவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மூன்றாம்கட்டை | சனி, இரவு 10.15

நானும் முதல் ஆள் கட்சிதான் அண்ணை. 11 வயதுப் பெடியனுக்கு என்ன இனம், என்ன சாதி? வெள்ளைக் கடதாசி மாதிரிப் பிள்ளைகள். போளை அடித்தோமா, கடலில் குளித்தோமா, கோட்டைக்குள் மானுக்கு வாழைப்பழத்தோல் போட்டோமா, அவ்வளவுதான். இதெல்லாம் பெரிய ஆட்களின் வியாதி.

---

ஓர்ஸ்ஹில்_பழசு | சனி, இரவு 10.52

நான் இரண்டாம் கட்சி. 1958, 1977, 1983 என்று அடிமேல் அடி வாங்கிய சனம் நாங்கள். எரிந்த கடைகளை இந்த ஊரில் என் கண்ணால் பார்த்தவன். உலகம் எங்களைத் திரும்பிப் பார்ப்பதே பெரிய பாடு. அதற்குள் நாங்களே எங்கள் குசினி யன்னலைத் திறந்து ஜாம் போத்தலைக் காட்டவேண்டுமா? "பார், அவர்களும் இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருப்பவனுக்குக் கையில் கல்லை எடுத்துக் கொடுக்கிறீர்கள் தம்பி.

---

வெந்நீரூற்று | ஞாயிறு, காலை 6.30

கோவிலுக்குப் போகமுதல் எழுதுகிறேன், அவசரம், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கட்டைத் தம்பி, வெள்ளைக் கடதாசிக் கதை நல்லாத்தான் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று ஒரு கறுப்பினத் தம்பதி, உளவியலாளர்கள், 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டினார்கள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகள். எது நல்ல பொம்மை என்று கேட்டால் கூடுதலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டின. எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டபோது அழுதுகொண்டு எழுந்து ஓடிய பிள்ளைகளும் உண்டு. நிறம் பிரித்த பள்ளிக்கூடங்கள் சட்டவிரோதம் என்று 1954இல் வந்த தீர்ப்பில் இந்த ஆய்வும் சுட்டப்பட்டது. மூன்று வயதிலேயே எழுதியாகிவிட்டது தம்பி, 11 வயதில் அது பழைய கொப்பி.

கடற்காகம், உங்கள் பிரச்சினை அந்த மாமா. அவரைத் தூக்குங்கள். ஏன் என்று பின்னேரம் வந்து சொல்கிறேன்.

---

பாதைக்காரன் (கிண்ணியா) | ஞாயிறு, காலை 11.05

கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முந்திய காலத்து ஆள் நான், பாதையில் ஏறித்தான் டவுனுக்கு வருவோம். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவை.) முஸ்லிம் பெடியன்கள் நாங்களும் தமிழில்தான் படித்தோம், தமிழ்ப் பெடியன்களும் தமிழில்தான் படித்தார்கள், ஆனால் பள்ளிக்கூடம் வேறு வேறு. 12 வயதுவரை ஒரு தமிழ்ப் பெடியனோடு நான் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. ஒரே பாஷை, நடுவில் ஒரு குடா.

வாப்பாவோடு டவுனில் ஒரு கடைக்குப் போவோம். அந்தக் கடைக்கார ஐயா எனக்கு ஒவ்வொரு தடவையும் தோடம்பழ இனிப்பு ஒன்று சும்மா தருவார். தந்துவிட்டு வாப்பாவைப் பார்த்து, "இந்தத் தொப்பி பிரட்டிக்கு ஒரு இனிப்பு" என்பார். வாப்பாவும் சிரிப்பார். அது ஏதோ செல்லப் பெயர் என்றுதான் எனக்கு எண்ணம். வீட்டுக்கு வந்து தம்பியைக்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். உம்மா அகப்பையால் போட்ட போட்டில்தான் தெரிந்தது அது வேறு சாமான் என்று.

அந்த ஐயா கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். இனிப்பும் உண்மை, அந்தச் சொல்லும் உண்மை. எங்கள் வீட்டில் தமிழ் ஆட்களைப் பற்றிக் கதைத்ததும் குறைவில்லை, அதை எழுதினால் இன்றைக்கு முடியாது. வெந்நீரூற்று டீச்சர் அந்த மாமாவைத் தூக்கச் சொன்னதன் காரணம் இதுவாக இருக்குமோ?

---

வெந்நீரூற்று | ஞாயிறு, பின்னேரம் 5.20

பாதைக்காரன் நானா பாதிப் பாடத்தை எடுத்து முடித்துவிட்டார்.

மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலைப் பலர் சின்னப்பிள்ளைக் கதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். லண்டனில் 1884 கடைசியிலும் அமெரிக்காவில் 1885இலும் வந்தது. அடிமைமுறை 1865இலேயே ஒழிந்துவிட்டது. ஆனால் கதை நடப்பது அதற்கும் இருபது முப்பது வருடம் முந்தி. கதையைச் சொல்லும் பெடியன் ஹக்குக்கு 13, 14 வயது இருக்கும். அவனுடைய அப்பன் பெருங்குடிகாரன். ஓஹையோவிலிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியர் ஒருவர் அங்கே வாக்குப்போட உரிமையுள்ளவர் என்று கேள்விப்பட்டு, இனி நான் வாக்கே போடமாட்டேன் என்று வெறியில் கத்துகிறான். உங்கள் மாமா மாதிரியே.

ஆனால் ஹக்கிடம் அது ஒட்டியது அப்பனிடமிருந்து இல்லை. அப்பனை அவனுக்குப் பிடிக்காது, ஓடி ஒளிகிறான். அவனுக்குச் சட்டை போட்டுவிட்டு, எழுத்தறிவித்து, வேதம் சொல்லிக்கொடுத்த வீட்டிலிருந்துதான் ஒட்டியது. செபம் பண்ணச் சொல்லிக்கொடுத்த மிஸ் வாட்சன்தான் ஜிம் என்கிற கறுப்பின அடிமைக்குச் சொந்தக்காரி. நல்ல பழக்கமும் ஜிம் ஒரு சொத்து என்பதும் ஒரே கோப்பையில் பரிமாறப்பட்டன. பிள்ளை இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ஹக்கோடு ஓடிப்போகும் வழியில் ஜிம் சொல்கிறான்: உழைத்துக் காசு சேர்த்து மனைவியை மீட்பேன், பிறகு இருவருமாக உழைத்துப் பிள்ளைகளை வாங்குவோம், எசமான் விற்க மறுத்தால் ஆளை வைத்துத் திருடுவோம் என்று. ஹக் திடுக்கிடுகிறான். பிள்ளையைப் பிரிந்த தகப்பனை எண்ணி இல்லை, தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத அந்த எசமானின் பொருளைத் திருடப்போகிறார்களே என்று. ஜிம்மை உயிராக நேசிக்கிற பெடியன்தான் இப்படி நினைக்கிறான். அந்தப் பந்தியில் ட்வெயின் ஒரு வரிகூடக் குறுக்கே பேசவில்லை.

பின்னால் இன்னொரு இடம். கப்பலில் சிலிண்டர் வெடித்தது என்று ஹக் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான். யாருக்கும் காயமா என்று அந்த வீட்டு அம்மா கேட்கிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லகாலம், சிலவேளை ஆட்களுக்குக் காயம் படும் என்கிறாள் அவள். அன்பான மனுசி, ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்த கையோடுதான் இதைச் சொல்கிறாள். உயர்தர வகுப்பில் இதை நானே தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். முப்பது பிள்ளைகளில் ஒருவரும் நிமிரவில்லை. திரும்ப வாசித்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், அப்ப செத்தது ஆள் இல்லையா?" என்றாள். அதன் பிறகு வகுப்பில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

ஆக, ஏசுகிற மாமா வேண்டாம். அவரைப் பார்த்ததும் வாசகன், நான் இவர் மாதிரி இல்லை என்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்வான். ரவிக்கு நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கதை சொல்லுகிற அம்மம்மா ஒருத்தியைப் போடுங்கள். போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற கை அவளுடையதாக இருக்கட்டும்.

---

மூன்றாம்கட்டை | ஞாயிறு, இரவு 7.02

சரி டீச்சர், கடதாசியை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி மட்டும். செல்வம் வீட்டு ஆட்களைக் குறிக்க அந்த அம்மம்மா என்ன சொல் சொல்லுவா? எங்கள் வீட்டில் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை.

---

கடற்காகம் | ஞாயிறு, இரவு 8.30

எழுதுகிறேன். தோட்டக்காட்டான். வரைவில் அதுதான் இருக்கிறது. ரவிக்கு அது ஏச்சு என்றே தெரியாது. யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான் மாதிரி ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொண்டு, தோட்டக்காடு எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத் தேசப்படத்தில் தேடுவான். அந்த இடத்தை வாசித்தபோதுதான் நேற்று எல்லாரும் சிரித்தார்கள், பிறகு சிரித்ததற்காக ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள்.

ஹக்கிள்பெரி ஃபின்னுக்கும் இந்தச் சொல் பிரச்சினை வந்தது. கறுப்பினத்தவரை இழிக்கும் அந்தச் சொல் இருந்த 219 இடங்களிலும் 'அடிமை' என்று மாற்றி 2011இல் ஒரு பதிப்பு போட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அடிமை என்பது ஒருவருக்குச் செய்த காரியம். மற்றச் சொல், அவர் பிறப்பே அப்படித்தான் என்கிறது. ஓஹையோப் பேராசிரியர் அடிமை இல்லையே, அவரையும் அப்பன் அதே சொல்லால்தான் ஏசுகிறான்.

ஓர்ஸ்ஹில் ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். குடிசன மதிப்பீட்டில் நாங்கள் இலங்கைத் தமிழர், அவர்கள் இந்தியத் தமிழர், தனித்தனி இனமாக. அவர்களை விரட்டச் சிங்களத்தில் பிடித்த சொல் கள்ளத்தோணி. அது தமிழ்ச் சொல் ஐயா. எங்கள் வாயிலிருந்து போன சொல்.

---

ஓர்ஸ்ஹில்_பழசு | ஞாயிறு, இரவு 9.11

வரலாறு எனக்கும் தெரியும் தம்பி. நான் கேட்டது, யாருக்காக எழுதுகிறீர்கள் என்று.

---

ரயில்பாதையோரம் | திங்கள், அதிகாலை 5.45

வணக்கம். பல மாதமாக வாசிக்கிறேன், இதுதான் முதல் பதிவு.

ஐயா கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில். எனக்காகவும் எழுதலாம். என் அப்பா 1977இல் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஒரு தகரப்பெட்டியோடு இந்தப் பக்கம் வந்தவர். விறகு கொத்தினார், கிணறு இறைத்தார், வேலி அடைத்தார்.

கடற்காகம் அண்ணா, உங்கள் கதையில் ஒரு பிழை இருக்கிறது. செல்வம் தண்ணீர் கேட்கமாட்டான். அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. நான்கு மணித்தியாலம் வெயிலில் கொத்திவிட்டு, தாகம் இல்லை என்பார். கேட்டால்தானே எதில் தருகிறார்கள் என்று பார்க்கவேண்டி வரும்? வரும் வழியில் ரோட்டுப் பைப்படியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குடிப்பார். நீண்ட நேரம் குடிப்பார். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பாடம் ஓடியது அண்ணா. அந்த வீடுகளில் எதையும் கேட்காதே, கண்ணால்கூடப் பார்க்காதே என்று. துவேசம் ரவிக்கு என்ன செய்தது என்று எழுதுகிறீர்கள். செல்வத்தின் தொண்டைக்கு என்ன செய்தது என்றும் பாருங்கள்.

அந்தச் சொல்லை எழுதுங்கள். எழுதுகிறவர் அதை வாயில் போட்டுச் சப்பி ருசிக்கிறாரா, முள்ளை எடுப்பது மாதிரி எடுக்கிறாரா என்பது எங்களுக்கு ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்.

---

பாதைக்காரன் | திங்கள், காலை 8.20

இதற்கு மேல் நாங்கள் என்ன எழுத.

ஆனாலும் ஒன்று. முடிவு பொய் என்று சொன்ன வடைக்காரர் சரிதான் போல. போத்தலை உடைக்கிற பெடியன் சினிமாவில் வருவான்.

---

வெந்நீரூற்று | திங்கள், பிற்பகல் 2.40

இடைவேளையில் இருக்கிறேன். ஹார்ப்பர் லீயின் 1960 நாவலான 'டு கில் எ மொக்கிங்பேர்ட்'டில் ஸ்கவுட் என்ற சிறுமி பள்ளிக்கூடத்தில் கேட்ட அந்த இழிசொல்லை வீட்டில் வந்து சொல்கிறாள். அப்பா அப்படிச் சொல்லாதே என்று நிதானமாகத் திருத்துகிறார். அந்த வீட்டில் திருத்துவதற்கு ஓர் ஆள் இருக்கிறார், வாசகருக்கும் பயமில்லை. ரவிக்கு அப்படி ஓர் அப்பா இல்லை, ஹக்குக்கும் இல்லை. அதனால் அவன் திருந்தும் விதமும் வேறாகத்தான் இருக்கும்.

ஹக் என்ன செய்கிறான்? ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவிய மாதிரி லேசாகிவிடுகிறது. பிறகு ஆற்றில் ஜிம் தன்னை எழுப்பாமல் தனக்குப் பதிலாகவும் காவலிருந்த இரவுகள் ஞாபகம் வருகின்றன. கடிதத்தைக் கிழிக்கிறான், சரி, நரகத்துக்கே போகிறேன் என்று. அடிமைமுறை பிழை என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றவில்லை. தான் செய்வது பாவம் என்று நம்பிக்கொண்டே செய்கிறான். நல்ல மனமும் கோணிப்போன மனச்சாட்சியும் மோதி மனச்சாட்சி தோற்கிற புத்தகம் என்று ட்வெயினே 1895இல் குறித்து வைத்திருக்கிறார். (கடைசியில் ஹக்கின் சிநேகிதன் டொம் சோயர் வந்து கூத்தடிக்கும் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களில் புத்தகம் சறுக்குகிறது. எனக்கு அதில் எப்போதும் கோபம்தான்.)

ரவி பேணியில் தண்ணீர் கொடுக்கட்டும். ஆனால் அவனுக்கு அது களவு மாதிரி இருக்கவேண்டும். அம்மம்மாவுக்குத் துரோகம் செய்வது மாதிரி. மணி அடிக்கிறது, போகிறேன்.

---

ஓர்ஸ்ஹில்_பழசு | திங்கள், இரவு 11.30

ரயில்பாதையோரம் எழுதியதை நேற்றிலிருந்து, இல்லை, இன்று காலையிலிருந்து நாலு தடவை வாசித்தேன்.

எங்கள் வீட்டில் போத்தல் இல்லை. சிரட்டை. அம்மா அதைக் கிணற்றுக் கட்டில் வைத்திருப்பா. எழுதவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை.

---

கடற்காகம் | புதன், இரவு 10.05

மாமாவைத் தூக்கிவிட்டேன். அம்மம்மா வந்துவிட்டா. அவவை எழுதுவது சுகமாக இருக்கிறது, அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். அதில் ஒரு துண்டு:

"செல்வத்தின் உதடு வெடித்திருந்தது. அவன் கேட்கவில்லை. போளையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். ரவி குசினிக்குள் எட்டிப் பார்த்தான். அம்மம்மா சாய்மனைக் கதிரையில் வாய் திறந்தபடி நித்திரை. அவளுடைய பேணிதான் கைக்கு எட்டியது. குடத்தில் மொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் பின்கதவால் வந்தான்.

செல்வம் பேணியைப் பார்த்தான், பிறகு யன்னலைப் பார்த்தான். 'அதில தா' என்றான்.

'இதிலயே குடி. கெதியா.'

செல்வம் அண்ணாந்து, பேணியை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தான். ஒரு சொட்டும் வழியவில்லை. இவ்வளவு துப்புரவாகக் குடிக்கத் தெரிந்தவன் போத்தலில் ஏன் வழியவிட்டான் என்று ரவி யோசித்தான்.

அவன் போனபிறகு ரவி கிணற்றடியில் குந்தி, சாம்பலும் பொச்சும் எடுத்துப் பேணியைத் தேய்த்தான். கழுவினான். மணந்து பார்த்தான். திரும்பவும் சாம்பல் எடுத்தான். பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்போது அம்மம்மா பேணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, 'ஆரடா இதை இப்படி மினுக்கினது?' என்றாள்."

இத்தோடு நிறுத்தியிருக்கிறேன். போத்தல் யன்னலிலேயே இருக்கிறது.

---

ரயில்பாதையோரம் | வியாழன், அதிகாலை 5.50

அண்ணாந்து குடித்தது சரி. அப்பாவும் வெளி வீடுகளில் அப்படித்தான்.

ஒரு திருத்தம். செல்வம் "அதில தா" என்று சொல்லமாட்டான். ரவி இரண்டு வயது இளையவன்தான், என்றாலும் அந்த வீட்டுப் பிள்ளை. "அதுல குடுங்க" என்பான்.

---

கடற்காகம் | வியாழன், காலை 6.15

திருத்திவிட்டேன். முதல் அத்தியாயத்திலிருந்து அவன் பேசும் எல்லா இடத்தையும் இனிப் பார்க்கவேண்டும்.